ஐம்பத்திரண்டாம் நம்பர் வயிறு

டெலிபோன் அலறியது.

காலை மணி ஒன்பது. இன்ஸ்பெக்டர் ஒரு கையில் காபியும் மறு கையில் வயிற்றெரிச்சல் மாத்திரையுமாக உட்கார்ந்து, எதை முதலில் உள்ளே தள்ளுவது என்ற அன்றாடக் குழப்பத்தில் இருந்தார். காபியால் எரிச்சல் வருகிறது. எரிச்சலுக்கு மாத்திரை. மாத்திரையின் கசப்பு போக மறுபடியும் காபி. மூன்று வருடமாக இதே சுற்று.

ரிசீவரை எடுத்தார்.

"ஒரு திருட்டுப் புகார் கொடுக்கணும்," என்றது பெண் குரல். அடுத்தவரை ஓடவிட்டே பழகிய குரல்.

"சொல்லுங்கம்மா. என்ன காணோம்?"

"என் வயிறு."

இன்ஸ்பெக்டர் மாத்திரையை மேஜை மேல் வைத்தார்.

"எது...?"

"வயிறு சார். சாப்பாடு போற இடம். அதுல ஒரு துண்டை வெட்டி எடுத்து லேப்ல வச்சிருந்தாங்க. இப்ப காணோம்னு கையை விரிக்கிறாங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள கிடைக்கலேன்னா நான் செத்துப் போயிடுவேன். உடனே இல்ல, ஒரு ஆறு மாசம் ஆகும். அதுக்காக நீங்க மெதுவா வர வேண்டாம்."

லைன் துண்டானது.

எதிரே நின்ற பெண் கான்ஸ்டபிள் என்ன கேஸ் என்று கண்ணாலேயே கேட்டாள்.

"வயிறு திருட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்களுதா சார்? யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்களே."

ஜீப் கிளம்பியது.

*

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் லேப். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படி ஏறி முடித்தபோது இன்ஸ்பெக்டரின் நெஞ்சுக்குக் கீழே அடுப்பு பற்ற வைத்தாயிற்று.

வராந்தா பெஞ்சில் புகார் கொடுத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. ஒட்டி உலர்ந்த உடம்பு. கால்களில் ஓட்டப்பந்தய ஷூ, கழுத்தில் விசில். ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். மொத்தப் பள்ளியும் வைத்த பெயர் விசில் டீச்சர்.

"நாற்பது நிமிஷம் ஆக்கிட்டீங்க," என்றாள் வாட்சைப் பார்த்து. "என் பிள்ளைங்களா இருந்தா நாலு ரவுண்டு ஓட விட்டிருப்பேன்."

இன்ஸ்பெக்டருக்கு ஏனோ அவளைப் பிடித்துப் போயிற்று.

லேபின் தலைமை டாக்டர் வெளியே வந்தார். வழுக்கைத் தலை முழுக்க வியர்வை. அறைக்குள் அழைத்துப்போய், கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைக் கொட்டினார்.

விசில் டீச்சருக்கு வயிற்றில் புற்றுநோய். சதைத் துண்டு எடுத்து, மெழுகில் பதித்து, சின்னச் சோப்புத் துண்டு அளவில் ஒரு கட்டியாக்கி, நம்பர் போட்டிருந்தார்கள். நம்பர் ஐம்பத்திரண்டு. போன வியாழக்கிழமை அதில் ஒரு வைரஸ் சோதனை செய்தார்கள். கட்டியிலிருந்து சீவிய ஸ்லைடை டாக்டரே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பாசிட்டிவ். டீச்சருக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிட்டு ஒரு மாநாட்டுக்கு விமானம் ஏறினார். நேற்று திரும்பி வந்து பார்த்தால் கட்டியைக் காணோம். அந்த நம்பர் போட்ட ஸ்லைடு ஒன்றுகூட இல்லை!

"பாசிட்டிவ்னா கெட்ட செய்தி இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இங்க நல்ல செய்தி சார். எப்ஸ்டீன்-பார்னு ஒரு வைரஸ். உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். சின்ன வயசுல எச்சில் மூலமா உள்ள வந்து ஒரு மூலையில படுத்துக்கும். பெரும்பாலானவங்களை ஆயுசு முழுக்க ஒண்ணும் பண்ணாது. ஆனா வயித்துல புற்று வர்றவங்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு, அந்தப் புற்றோட செல்லுக்குள்ள எல்லாம் இவன் உட்கார்ந்திருப்பான்."

"எச்சில்னா எப்படி?"

"வளர்ந்தப்புறம் வந்தா முத்தத்துல வரும். முத்தக் காய்ச்சல்னே சொல்வாங்க."

"அப்ப நான் தப்பிச்சேன். எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாச்சு."

"உங்க அம்மா அப்பவே கொடுத்திருப்பாங்க சார்."

கான்ஸ்டபிள் இருமினாள். சிரிப்பை அடக்கும் இருமல்.

"ஆக, கொலைகாரன் இவன்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சந்தேகத்துக்குரிய நபர்னு வச்சுக்குங்க. சம்பவ இடத்துல இருந்ததுக்கு சாட்சி இருக்கு. எப்படிச் செஞ்சான்கிறதுதான் இன்னும் முழுசாத் தெரியல. வயித்துப் புற்றுக்கு இவன் ஒருத்தன்தான் காரணம்னும் இல்ல, வேற ஆளுங்களும் இருக்காங்க."

அந்த வைரஸ் வகைப் புற்றுக்கென்று ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள். ஊரின் மறுகோடியில் ஒரு மையம். நன்றாகக் கேட்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். சேர வேண்டுமானால் பாசிட்டிவ் ரிப்போர்ட் மட்டும் போதாது, மெழுகுக் கட்டியே வேண்டும். ஆள் நேரில் போய்க் கையெழுத்தும் போட வேண்டும். கடைசி நேரம், இன்று மாலை நாலு மணி. மறுபடி வயிற்றுக்குள் குழாய் விட்டுத் துண்டெடுத்து மெழுகு ஊற்ற மூன்று நாள் ஆகும்.

மற்ற மருந்துகளெல்லாம் டீச்சருக்குப் போட்டுப் பார்த்துத் தோற்றாயிற்று. இதுதான் பாக்கி.

"இதுவரைக்கும் இங்க எத்தனை பேர் பாசிட்டிவ்?"

"இந்த மாசம் ரெண்டே ரெண்டு. ஐம்பத்திரண்டு, அப்புறம் நாற்பது. நாற்பதை என் உதவி டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமையே கட்டியும் ஸ்லைடும் மையத்துக்குப் போயிடுச்சு. அந்த ஆளைச் சேர்த்தும் ஆச்சு."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டும்.

*

வெட்டும் அறை. மெழுகும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. சுவர் முழுக்க தீப்பெட்டி அளவு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் ஈரலோ குடலோ மெழுகுக்குள் தூங்கிக் கொண்டிருந்தது.

ஜன்னலோர இயந்திரத்தின் முன் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லேபின் மூத்த டெக்னீஷியன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கைப்பிடியை அவள் சுற்றச் சுற்ற, கட்டியிலிருந்து மெழுகு நாடா நாடாவாக இறங்கியது. அதை நோகாமல் எடுத்து வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தினாள். சமையலறையில் நிற்கிற மாதிரி அத்தனை சாவகாசம்.

அடுத்த கட்டியை ஐஸ் தட்டிலிருந்து எடுத்து இயந்திரத்தில் பொருத்தினாள். வெட்டுமுன் கட்டைவிரலை அதன் முகத்தில் ஒரு நொடி அழுத்தினாள்.

"ஆசீர்வாதம் பண்றீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சிரித்தாள். "ஐஸ்ல வச்சா மெழுகு விறைச்சுக்கும் சார். அப்படியே வெட்டினா வெடிச்சிடும். விரல் சூடு ஒரு நொடி பட்டா அழகா வரும்."

அதனாலேயே அவளுக்குக் கட்டைவிரலக்கா என்று பெயராம். லேபில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார் டாக்டர். குரலில் பெருமை.

மற்றபடி அறையில் ஒரே ஒரு ஜூனியர் பெண். ஐம்பத்திரண்டாம் நம்பரை வைரஸ் சோதனைக்கு வெட்டியது அவள்தான். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போன உடனேயே அழ ஆரம்பித்துவிட்டாள். தான் வெட்டினோம், இழுப்பறையில் வைத்தோம், அதற்குமேல் கடவுள் சாட்சியாக எதுவும் தெரியாது என்றாள். மூக்கைச் சிந்திய காகிதம் ஐந்து. இவ்வளவு பயப்படுகிறவள் திருடியிருந்தால் நேற்றே ஒப்புக்கொண்டிருப்பாள் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார்.

வயிற்றில் அடுப்பு கொழுந்துவிட்டது.

ஊழியர்கள் ஓய்வறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஃப்ரீசரில் ஒரு டப்பா நிறைய ஐஸ். டம்ளரை அதற்குள் விட்டு ஒரே அள்ளு. தண்ணீர் ஊற்றினார். கண்ணை மூடி வாயில் வைத்தார்.

உதட்டில் ஏதோ இடித்தது. ஐஸ் இல்லை.

கண்ணைத் திறந்தார்.

டம்ளரில் ஒரு மெழுகுக் கட்டி மிதந்து கொண்டிருந்தது. நடுவில் பழுப்பாக, நகத்தளவு சதை!

விரலை உள்ளே விட்டார்...

"தொடாதீங்க!"

வாசலில் தலைமை டாக்டர். ஓடி வந்து டம்ளரைப் பிடுங்கினார். இடுக்கியால் கட்டியை வெளியே எடுத்தார்.

"தொடறதா? முழுங்கியே இருப்பேன்," என்றார் இன்ஸ்பெக்டர். குரல் கொஞ்சம் நடுங்கியது. அடுத்தவர் வயிற்றைத் தன் வயிற்றுக்குள் அனுப்ப இருந்த மனிதரின் நியாயமான நடுக்கம்.

"வெறும் விரல் படக்கூடாது சார். அந்த வைரஸ் செல்லுக்குள்ள சின்னச் சின்னதா குறிப்பு எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கும். அதைத் தேடிப் பிடிச்சு நீலமாக்கறதுதான் எங்க சோதனை. நம்ம விரல் வியர்வையில இருக்கிற ஒண்ணு அந்தக் குறிப்பைத் தின்னு தீர்த்துடும். வைரஸ் இருந்தும் இல்லாத மாதிரி காட்டும். அதனால இந்தச் சோதனைக்கு மட்டும் கையுறை இல்லாம யாரும் கிட்டயே போகக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கேன்."

கட்டியின் பக்கவாட்டில் நம்பர் எழுதும் இடம் சுரண்டப்பட்டிருந்தது.

"இது ஐம்பத்திரண்டா?"

"சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஸ்லைடும் இல்ல. ஆனா ஒரு வழி இருக்கு. இந்த மாசம் பாசிட்டிவ் ரெண்டுதான். நாற்பது மையத்துல இருக்கு. இது நீலமா வந்தா ஐம்பத்திரண்டேதான். மேல்பரப்பை ஆழமாச் சீவிட்டு நானே வெட்டறேன். மூணு மணிக்கு ரிசல்ட் வந்துடும்."

மையத்துக்கு ஜீப்பில் முக்கால் மணி நேரம். கணக்கு கழுத்தைப் பிடித்தது.

"சீவறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

குனிந்து பார்த்தார். மெழுகின் முகத்தில் முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம். அதற்குள் வளைவு வளைவாகக் கோடுகள்.

கட்டைவிரல் ரேகை!

டாக்டரும் பார்த்தார். அதனால் என்ன, இது எங்கள் அக்காவின் முத்திரை, இந்த லேபில் பாதிக் கட்டிகளில் இருக்கும் என்றார்.

"ஐம்பத்திரண்டைக் கடைசியா வெட்டினது ஜூனியர் பொண்ணு. கையுறையோட. அதுக்கு முன்னாடி அக்கா விரல் பட்டிருந்தா, அந்த ரேகை சீவிப் போயிருக்குமா இல்லையா?"

டாக்டர் குனிந்தார். மறுபடி பார்த்தார்.

"போயிருக்கும்..."

"அப்ப இதைக் கடைசியாத் தொட்டது உங்க அக்கா."

கான்ஸ்டபிள் ரேகையைப் போட்டோ எடுத்தாள். டாக்டர் கையுறை மாட்டினார். இயந்திரம் சுழன்றது.

*

விசாரணை அதே வெட்டும் அறையில். அக்கா வேலையை நிறுத்தவில்லை.

தரையில் எங்காவது கிடந்திருக்கும், எடுத்து ஓரமாய் வைத்திருப்பேன், நினைவில்லை என்றாள். ஐஸ் டப்பாவுக்குள் எப்படிப் போனதாம்? மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்தால் ஐஸில் வைப்பது இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாய்ப் போயிருக்கும் என்றாள். நம்பரை யார் சுரண்டியது? தெரியாது.

"சோதனை போட்டிருக்கோம். மூணு மணிக்குத் தெரிஞ்சிடும், இது டீச்சரோட வயிறுதான்னு," என்றார் இன்ஸ்பெக்டர், அவள் முகத்தையே பார்த்தபடி.

அங்கேதான் அவருக்குக் கேஸ் இடித்தது.

பயம் வர வேண்டிய இடத்தில் அவள் முகத்தில் நிம்மதி வந்தது.

"பாருங்க சார். நல்லா பாருங்க," என்றாள்.

வராந்தாவுக்கு வந்தார். கான்ஸ்டபிள் காத்திருந்தாள். ரேகை அக்காவுடையதேதான், டீ டம்ளரில் எடுத்த ரேகையோடு ஒப்பிட்டாயிற்று. டீச்சருக்கும் அக்காவுக்கும் பகை, பழக்கம், தூரத்துச் சொந்தம், எதுவும் இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சொந்தம் யாரும் இருப்பதாக லேபில் ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு லீவு கேட்டிருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று ஒரே வார்த்தை.

"யாருமே இல்லாதவங்களுக்கு எந்தக் குடும்பம் சார்?" என்றாள் கான்ஸ்டபிள்.

நல்ல கேள்வி. இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பெஞ்சில் டீச்சர் வாட்சைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"அடிக்கடி மார்பைத் தேய்க்கிறீங்களே, எத்தனை நாளா?"

"மூணு வருஷமா எரிச்சல். குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னாங்க. நேரமில்ல."

"எனக்கும் நேரமில்லாமத்தான் இருந்துச்சு," என்றாள் டீச்சர். "மாவட்டப் போட்டி முடியட்டும்னேன். அப்புறம் மாநிலப் போட்டி. கோப்பை ரெண்டும் வீட்ல இருக்கு. வயிறுதான் லேப்ல இருக்கு."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. இவள் சாகக்கூடாது என்று தோன்றியது. வெறும் கேஸாக இருந்தது அப்போதிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டது.

மணி பன்னிரண்டு.

ஒன்று.

இரண்டரை...

*

மூன்று அடிக்கப் பத்து நிமிடம். சோதனை இயந்திரம் பீப் என்றது.

எல்லோரையும் மைக்ராஸ்கோப் அறைக்கு வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். டீச்சர், கான்ஸ்டபிள், அக்கா. ஜூனியர் பெண் கையில் புதிய காகித டப்பாவோடு வந்தாள்.

டாக்டர் ஸ்லைடைப் பொருத்தினார். குனிந்தார். திருகினார்.

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"நீலம்," என்றார் டாக்டர். "ஒவ்வொரு செல்லும் நீலம். பாசிட்டிவ்."

டீச்சர் வாட்சைப் பார்த்தாள். ஜூனியர் பெண் சந்தோஷத்தில் அழுதாள். கான்ஸ்டபிள் ஜீப் சாவியை எடுத்தாள்.

அக்காவின் முகம் மட்டும் மெழுகாகிவிட்டது.

"இல்ல," என்றாள். "மறுபடி பாருங்க டாக்டர்."

"பார்த்துட்டேன். தெளிவா இருக்கு."

"பாசிட்டிவா இருக்க முடியாது."

"ஏன் முடியாது?" இது இன்ஸ்பெக்டர். மிக மெதுவாக.

"ஏன்னா அது..."

நிறுத்தினாள். ஆனால் வார்த்தை பாதி வழி வந்துவிட்டது. மீதியையும் சொல்லாமல் அவளால் மூச்சுவிட முடியவில்லை.

"ஏன்னா அது இவங்க வயிறு இல்ல. என் தம்பியோடது!"

அவள் கையிலிருந்த பஞ்சுச் சுருள் விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டு போனது.

"உங்க தம்பி யாரு?"

"நாற்பது."

பிறகு எல்லாம் வந்தது. யாரும் கேட்காமலே வந்தது.

ஒரே தம்பி. அவனுக்கு வயிற்றில் புற்று என்று லேபில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு இரக்கப்படுவார்கள், இரக்கப்பட்டால் தான் உடைந்துவிடுவோம் என்று பயம். லேபில் பெயர் கிடையாது, நம்பர்தான். நாற்பதை அவளே வெட்டினாள். வியாழக்கிழமை சோதனை முடிந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் அவளே எட்டிப் பார்த்தாள். ஒரு நீலப் புள்ளிகூட இல்லை. நெகட்டிவ். மருந்து கிடையாது. பக்கத்து ஸ்லைடில், ஐம்பத்திரண்டு, ஆகாயம் மாதிரி நீலம்.

டாக்டர் ஐம்பத்திரண்டை மட்டும் பார்த்துவிட்டு விமானத்தைப் பிடிக்க ஓடினார். நாற்பதை உதவி டாக்டர் பார்க்க வேண்டும். நடுவில் அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் டீச்சரின் கட்டியிலும் ஸ்லைடுகளிலும் நாற்பது என்று நம்பர் மாற்றினாள். தம்பியின் ஸ்லைடுகளை உடைத்துப் போட்டு, அவன் கட்டியின் நம்பரைச் சுரண்டினாள். உதவி டாக்டர் பார்த்தார், நீலம், கையெழுத்து. மறுநாள் டீச்சரின் வயிறு தம்பியின் பெயரில் மையத்துக்குப் போனது. ஐம்பத்திரண்டு என்ற நம்பரில் எதுவும் மிச்சமில்லை. காணாமல் போகிற கட்டி எந்த லேபிலும் நடக்கிற விபத்து, தேடிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

"தம்பியோட நிஜக் கட்டியைத் தூக்கிப் போட்டிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குப்பைத் தொட்டி வரைக்கும் போனேன் சார். அவன் உடம்புல ஒரு துண்டு. கை வரல. ஐஸ்லயே ஒளிச்சு வச்சுட்டேன்."

அதனால்தான் காலையில் அந்த நிம்மதி! சோதித்தால் நெகட்டிவ் வரும், இது டீச்சருடையது இல்லை என்று விட்டுவிடுவார்கள், தான் தப்பித்தோம் என்ற நிம்மதி.

டாக்டர் மட்டும் இன்னும் ஒரு கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நீ பார்த்தப்ப நெகட்டிவ். நான் பார்த்தா பாசிட்டிவ். ஒரே கட்டி." அவள் பக்கம் திரும்பினார். "அக்கா... நாற்பதை வெட்டினப்ப கையுறை போட்டிருந்தியா?"

அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"போட்டுக்கிட்டுதான் உட்கார்ந்தேன் டாக்டர். நம்பரைப் பார்த்தேன். அம்மா போனப்ப அவனுக்கு ரெண்டு வயசு. இந்தக் கையால ஊட்டி வளர்த்த வயிறு. ரப்பரைப் போட்டுக்கிட்டுத் தொட மனசு வரல. கழட்டிட்டேன். அப்புறம் பழக்க தோஷத்துல விரலையும் வச்சு..."

"திசு நல்லா இருக்கான்னு காட்டற துணை ஸ்லைடு ஒண்ணு போடுவோமே, அதைப் பார்த்தியா?"

"நீலம் இல்லைன்னதும் வேற எதையும் பார்க்கத் தோணல."

பார்த்திருந்தால் அதுவும் வெளிறியிருக்கும். சோதனையே கெட்டுப்போயிற்று என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். அவள் தம்பி முதல் நாளிலிருந்தே பாசிட்டிவ்! திருடாமலே கிடைக்க வேண்டியதைத் திருடியிருக்கிறாள். ஆசையாய் வைத்த விரல் அவனுடைய நீலத்தை அழித்தது. அதே விரல்தான் இப்போது அவளையும் காட்டிக் கொடுத்தது.

அக்கா சத்தமில்லாமல் அழுதாள். அதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை.

கிரீச்ச்ச்!

எல்லோரும் துள்ளினார்கள். டீச்சரின் விசில்.

"மணி மூணு பத்து," என்றாள் டீச்சர். "அழறதை வண்டியில வச்சுக்கலாம். என் வயிறு ஏற்கெனவே அங்க போய் உட்கார்ந்திருக்கு, நான்தான் போகணும். அந்தப் பையன் அங்க இருக்கான், அவன் வயிறுதான் போகணும். எல்லாரும் கிளம்புங்க."

"அவங்க உங்களைக் கொல்லப் பார்த்தாங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுக்கு அவங்களை நீங்க பார்த்துக்குங்க. தம்பி என்ன பண்ணினான்?"

டாக்டர் மையத்துக்குப் போன் போட்டார். பத்து வாக்கியத்தில் சொல்லி முடித்து, ஐந்து வாக்கியத் திட்டு வாங்கினார். பதில் இதுதான். நாலு மணிக்குள் கட்டியும் ஆளும் வந்தால் பெயரை எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கட்டி யாருடையது என்று இருவர் ரத்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருந்து. நாலு மணி ஒரு நிமிடம் என்றால் மன்னிக்கவும்.

*

ஜீப் பறந்தது.

கான்ஸ்டபிள் ஸ்டியரிங்கில். முன் சீட்டில் டீச்சர். பின்னால் இன்ஸ்பெக்டருக்கும் டாக்டருக்கும் நடுவே அக்கா. மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் நாற்பதாம் நம்பர் வயிறு. அவள் இரண்டு கைகளிலும் கையுறை. மாட்டு என்று யாரும் சொல்லவில்லை.

நாலு ரோடு சந்திப்பில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஜீப்பின் சைரன் கத்தியது. ஒருவரும் அசையவில்லை.

டீச்சர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

கிரீச்ச்ச்! கிரீச்ச்ச்!

மொத்த ஊரும் எப்போதோ ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே! பெரிய மனிதர்கள் கார்களை ஒடித்து ஓரம் கட்டினார்கள். ஒரு லாரி டிரைவர் பதற்றத்தில் வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவங்க பிழைச்சா டிராஃபிக்ல ஒரு வேலை போட்டுக் கொடுக்கலாம் சார்," என்றாள் கான்ஸ்டபிள்.

"பிழைப்பாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். அந்த ஒரு வார்த்தையை அவர் யாருக்கோ உத்தரவு போடுகிற மாதிரி சொன்னார்.

நாலடிக்க நாலு நிமிடம். மையத்தின் வாசல்.

டீச்சர் ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். கவுன்ட்டரில் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் ஐஸ் பெட்டியை நீட்டினார். உள்ளே இருந்தவர் இரண்டு நம்பரையும் பார்த்து, இரண்டு பெயரையும் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

மூன்று ஐம்பத்தெட்டு!

டீச்சர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கியது.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட போய் குழாய் விட்டுப் பார்க்கறீங்க. வந்து எனக்கு ரிப்போர்ட் பண்றீங்க."

"சரி டீச்சர்," என்றார் இன்ஸ்பெக்டர். முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அந்தத் தொனியில் பேசினார்.

நோயாளிகள் உடையில் ஒரு மெலிந்த இளைஞன் வராந்தாவில் வந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளைச் சுற்றி நின்ற காக்கிகளைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி போயிற்று.

"என்னக்கா? ஏன் போலீஸ்?"

அக்கா அவனைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி, அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"கையுறை போட மறந்துட்டேன்டா..."

அவன் ஒன்றும் புரியாமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"இதுக்கெல்லாமா சார் கைது பண்ணுவாங்க?"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்த வயிற்றெரிச்சல் மாத்திரையை எடுத்தார். பார்த்தார். மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

"தம்பி, கையுறை போடாததால மாட்டிக்கிட்ட குற்றவாளிங்களை என் சர்வீஸ்ல நூறு பேரைப் பார்த்திருக்கேன். கையுறை போடாததாலயே குற்றவாளி ஆனது உங்க அக்கா ஒருத்தங்கதான்."